தூரதர்ஷன் கண்ணைக் கத்திரிக்காய் ஆக்கிய கடைக்கு நான்கு நட்சத்திரம்

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் பழைய வீடியோ கேசட்டை பென்டிரைவில் ஏற்றித் தரும் கடை ஒன்று இருக்கிறது. பெயர் கேட்காதீர்கள், கடைக்கே பெயர் கிடையாது. வாசலில் தொங்குவது இன்னமும் "எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., ஜெராக்ஸ்" என்று எழுதிய மஞ்சள் பலகைதான், அதிலும் பாதி எழுத்து மழையில் போய்விட்டது. "டெக் ரிப்பேர் அண்ணன் கடை எங்கே" என்று டீக்கடையில் கேட்டால் கை காட்டுவார்கள். உள்ளே லேமினேஷன் மிஷின், மொபைல் கவர், பாஸ்போர்ட் போட்டோ, அதற்கெல்லாம் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் நான்கு வி.சி.ஆர். டெக்குகள், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் பெட்டிகள். ஜப்பானில் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு டெக் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது, அவர்கள்தான் கடைசி. அதனால் ஓடுகிற டெக் நான்கை ஒரே இடத்தில் பார்ப்பது இப்போது பெரிய விஷயம்.

நான் கொண்டுபோனது பதிமூன்று கேசட்டுகள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கம்பளிக்கு அடியில் கிடந்தவை. நான் அவற்றை மாற்றப் போனது எதற்காக என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் சிரிக்கலாம். நாடகத்துக்காக இல்லை, பாட்டுக்காக இல்லை. நிகழ்ச்சி தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் நான்கு விநாடி, ஐந்து விநாடி வரும் அந்தக் கம்பெனி முத்திரைகளுக்காக, அதாவது லோகோக்களுக்காக. நாடகம் எப்படியும் யூடியூபில் கிடைத்துவிடுகிறது. ஏற்றுகிறவர்கள் முதலில் வெட்டி எறிவது இந்த லோகோவைத்தான்.

கேசட்டுகளின் பூர்வீகத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அம்மா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வீட்டுக்கு மேல் வீட்டில் அமெரிக்க வாத்தியார் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். கொடைக்கானலில் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1901இலிருந்து இருப்பதால் எங்கள் ஊரில் இப்படி மேல் வீடு, கீழ் வீடு உறவு சகஜம். அவர் ஊருக்குத் திரும்பும்போது நம் முறை, அமெரிக்க முறை இரண்டும் ஓடும் மல்டி சிஸ்டம் டெக் ஒன்றையும் இரண்டு கேசட்டையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை நாங்களும் எல்லோரையும் போலத்தான், திருவிழாவுக்கு டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து, கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று விடிய விடிய நான்கு படம் பார்த்த கூட்டம். சொந்த டெக் வந்ததும் அம்மா நைட் டூட்டிக்குப் போகும்போது "தம்பி, மறக்காம ரெக்கார்டு போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போவார். தம்பி போடுவான். அவனுக்குச் சீக்கிரம் தூக்கம் வந்துவிடும் என்பதால் நேரத்துக்கு முன்பே பட்டனை அமுக்கிவிட்டு, நிறுத்தாமல் தூங்கிவிடுவான். அந்தச் சோம்பேறித்தனம்தான் எனக்குப் பொக்கிஷம் ஆனது. நிகழ்ச்சிக்கு முன்னால் இருந்ததும் பின்னால் இருந்ததும் அப்படியே டேப்பில் இருக்கிறது.

சரி, கடைக்கு வருகிறேன். அண்ணன் நல்ல மனிதர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், முன்பு வீடு வீடாக ஆண்டெனா கட்டியவர். எங்கள் வீட்டுக் கம்பத்தைக்கூட அவர்தான் தென்கிழக்கே திருப்பி வைத்தார், மேகம் இல்லாத ராத்திரியில் இலங்கையின் ரூபவாஹினி டி.வி. தெரியும் என்பதற்காக. கேசட்டை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, மூடியைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, "இது பூசணம் பிடிச்சிருக்கும்மா, இதை அப்படியே டெக்குல போட்டா ஹெட்டு போயிடும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கும்" என்றார். பதிமூன்றில் ஆறு அப்படி. கொடைக்கானல் ஈரத்தில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். டேப் சுருளின் ஓரத்தில் மாவு தூவியது போல வெள்ளையாக இருக்கும், அதுதான் அடையாளம். அவர் கேசட்டைத் திருகு கழற்றிப் பிரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியில் டேப்பை மெல்ல ஓடவிட்டுத் துடைத்து, இரண்டு நாள் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து, அதற்கப்புறம்தான் டெக்கில் போடுகிறார். முன்பு கீழே ஒரு ஊரில் ஒரு கடையில் இரண்டு கேசட் கொடுத்தேன், பூசணத்தோடே ஓட்டிவிட்டு "படம் வரலை" என்று சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். அதைப் பார்த்த பிறகு இந்த அண்ணனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் முதல் தடவை வந்த பென்டிரைவைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஏற்றும் வேலை அண்ணனுடையது, கம்ப்யூட்டரில் "சுத்தம்" செய்யும் வேலை கடையில் இருக்கும் பையனுடையது. பையன் நான்கு காரியம் செய்திருந்தான். ஒன்று, கறுப்பு, நீலத் திரை எல்லாம் வீண் என்று முன்னும் பின்னும் வெட்டியிருந்தான், அதோடு கிட்டத்தட்ட லோகோ அத்தனையும் போயிற்று. இரண்டு, பழைய 4:3 படத்தை இப்போதைய 16:9 டி.வி.க்கு நிரம்பும்படி இழுத்திருந்தான், தூரதர்ஷனின் லோகோவான அந்தக் கண் வெட்டுப்படாமல் தப்பித்த ஒரே இடத்தில் அது படுக்க வைத்த கத்திரிக்காய் மாதிரி இருந்தது. மூன்று, டேப்பில் படத்தின் அடியில் எப்போதும் ஒரு பட்டை கரகரவென்று துடிக்கும். டெக்கின் உருளையில் இரண்டு ஹெட் மாறி மாறி டேப்பைப் படிக்கிறது, நம் நாட்டு டி.வி.யின் பால் (PAL) முறையில் அந்த உருளை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது, ஒரு ஹெட்டிலிருந்து மற்றதற்குக் கை மாறும் இடம் அது. பழைய டி.வி.யில் சட்டத்துக்கு அடியில் ஒளிந்துவிடும், கம்ப்யூட்டரில் அப்பட்டமாகத் தெரியும். அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்கியதில் அடியில் ஓடும் பெயர் வரி பாதி காணோம். நான்காவதுதான் கொடுமை: ஏதோ ஏ.ஐ. மென்பொருளில் போட்டுத் "தெளிவு" பண்ணியிருந்தான். முகமெல்லாம் மெழுகு பூசியது போல் ஆகிவிட்டது, தமிழ் எழுத்துகள் எந்த மொழியும் இல்லாத ஒரு மொழியாக மாறிவிட்டன. "மின்பிம்பங்கள்" என்ற கம்பெனிப் பெயர் ஜிலேபி பிழிந்தது மாதிரி இருந்தது.

"அக்கா, எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க" என்றான் பையன். உண்மைதான், கல்யாண கேசட் கொண்டு வருகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நான் கோபத்தை அடக்கிக்கொண்டு தூரதர்ஷன் கண்ணின் கதையை அவனுக்குச் சொன்னேன், கடையில் அப்போது வேறு ஆளும் இல்லை, வெளியே மேகம் இறங்கி ரோடே தெரியவில்லை.

அந்தக் கண்ணை வரைந்தவர் தேவாஷிஸ் பட்டாச்சார்யா, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அப்போது மாணவர். நடுவில் ஒரு உருண்டை, அதை இரண்டு பக்கமும் தழுவும் இரண்டு வளைவுகள், அவ்வளவுதான். பல வரைவுகளிலிருந்து அதைத் தேர்ந்தெடுத்தவர் இந்திரா காந்தி. தூரதர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்து தனித் துறையானது 1976 ஏப்ரல் 1, இந்தக் கண் திரைக்கு வந்ததும் அதே நாள். அது சுழன்று சுழன்று வந்து சேருவதற்கு அப்போது கம்ப்யூட்டர் கிடையாது, அதே நிறுவனத்தின் ஆர்.எல். மிஸ்திரி படத்தின் பிரதிகளைக் கேமராவுக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பி எடுத்தார். கூட வரும் ஷெனாய் இசை, ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து போட்டது. நம் தலைமுறைக்கு அந்த இசை கேட்டால் வயிற்றில் ஏதோ பிசையும், காலையில் எழுந்து ஸ்கூலுக்குப் போகணுமே என்று. இவ்வளவும் ஒரு வட்டத்தை நம்பி நிற்கிறது. வட்டத்தை இழுத்தால் என்ன மிச்சம்?

பையன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அண்ணன் திரையை விலக்கிக்கொண்டு வந்து, "எல்லாத்தையும் மறுபடி ஏத்தித் தர்றேன்ம்மா, காசு வேண்டாம்" என்றார். பத்து நாள் கழித்து வரச் சொன்னார், வந்தது பதினெட்டாம் நாள். அரை நட்சத்திரம் அங்கே போகிறது.

இரண்டாம் தடவை வந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். வெட்டில்லை, இழுப்பில்லை, 4:3 சட்டம் அப்படியே, இரண்டு பக்கமும் கறுப்பு. அடியில் கரகரப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் அந்த அமெரிக்க கேசட்டுகள். அவை அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் பதிவானவை, படத்துக்கு 525 வரி, விநாடிக்குக் கிட்டத்தட்ட 30 ஃபிரேம். நம் பால் முறையில் 625 வரி, 25 ஃபிரேம். சாதாரண டெக்கில் போட்டால் படம் உருண்டுகொண்டே இருக்கும். அண்ணனிடம் இரண்டு முறையையும் படிக்கும் டெக் ஒன்று இருப்பது இந்த ஊரின் அதிர்ஷ்டம். அதில் ஒரு போலீஸ் தொடரின் முடிவில் வட்டத்துக்குள் ஒரு பூனைக்குட்டி வந்து மியாவ் என்றது, தலையில் போலீஸ் தொப்பியோடு! தேடிப் பார்த்தால் பெரிய கதை: 1969இல் நடிகை மேரி டைலர் மூரும் கிரான்ட் டிங்கரும் தொடங்கிய எம்.டி.எம். கம்பெனி அது, எம்.ஜி.எம். சினிமா கம்பெனியின் லோகோ சிங்கத்தைக் கிண்டல் பண்ணி அதே மாதிரி வட்டத்துக்குள் ஒரு பூனையை வைத்தார்கள், பெயர் மிம்சி. ஆஸ்பத்திரித் தொடர் என்றால் பூனைக்கு டாக்டர்கள் கட்டும் முகத்துணி. அதைக் கேட்டதும் அம்மா ரொம்ப நேரம் சிரித்தார். இன்னொரு கேசட்டில் ஒரு குடும்பத் தொடரின் முடிவில், வாயில் ஃபிரிஸ்பீ தட்டைக் கவ்விய கறுப்பு நாயின் போட்டோ, "உட்காரு உபு, உட்காரு, நல்ல நாய்" என்று ஒரு ஆண் குரல், ஒரு குரைப்பு. அது தயாரிப்பாளர் கேரி டேவிட் கோல்ட்பர்க்கின் சொந்த நாய், குரலும் அவருடையதே, போட்டோ பாரிஸில் எடுத்தது. கோடிக்கணக்கில் பணம் புழங்கும் தொழிலில் ஒருவர் தன் வீட்டு நாயைக் கம்பெனி முத்திரையாகப் போட்டிருக்கிறார் என்பதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது. சின்ன வயதில் இங்கிலீஷ் சரியாகப் புரியாமல் தம்பியும் நானும் இந்த நாய்க்காகவே நாடகத்தை முழுசாகப் பார்த்திருக்கிறோம்.

எல்லாம் இப்படிச் சிரிப்பு இல்லை. அமெரிக்காவில் 1965இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் கம்பெனி போட்ட எஸ் எழுத்து லோகோவின் மின்னணு இசை (எரிக் சிடே போட்டது) குழந்தைகளை அவ்வளவு பயமுறுத்தியிருக்கிறது, பெரியவர்களான பின் அதைப் பற்றிக் குறும்படமே எடுத்தார்கள். எனக்கு இது ரொம்பப் புரிகிறது. நாடகம் முடிந்து விளக்கை அணைக்கும் நேரத்தில், காலி அறையில், முகம் இல்லாத ஒரு எழுத்து பெரிய சத்தத்தோடு நம்மை நோக்கி வந்தால் எந்தக் குழந்தை தூங்கும்?

நம்மூர்ப் பக்கம் வந்தால் வேறு மாதிரி. ஆரம்பத்தில் தொலைக்காட்சிக்கு நாடகம் எடுத்தவர்களில் பலர் சினிமாக்காரர்கள், சினிமா முத்திரையையும் கூடவே கொண்டு வந்தார்கள். இயக்குநர் பாலசந்தரின் கவிதாலயா என்றால் திருவள்ளுவரும் "அகர முதல எழுத்தெல்லாம்" குறளும், பக்தியோடு உட்கார வேண்டிய இடம் அது. அதே பாலசந்தர் குடும்பத்திலிருந்து தொலைக்காட்சிக்கென்றே வந்த கம்பெனி மின்பிம்பங்கள், மர்மதேசம் தொடர் எடுத்தவர்கள். அந்தப் பெயரைப் பாருங்கள், டி.வி. என்றால் என்ன என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள், எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிட நல்ல கம்பெனிப் பெயர் இல்லை. பிறகு வந்தவை பெரும்பாலும் விஷன், மீடியா, டெலி என்று வால் வைத்துக்கொண்டன. விகடன் டெலிவிஸ்டாஸ் மட்டும் எனக்கு விதிவிலக்கு, பெயரைப் பார்த்த உடனே விகடன் தாத்தா முகம் வந்துவிடுவதால்.

தேதி போடாத கேசட்டுகளுக்கு இந்த முத்திரைகள்தான் காலண்டர். தம்பி கையெழுத்தில் "பாட்டு 3" என்று மட்டும் எழுதிய கேசட்டில் மூலையில் விஜய் டி.வி. பெயர் இருக்கிறது, ஸ்டார் கம்பெனியின் நட்சத்திரம் இல்லை. ஸ்டார் கைக்கு அது போனது 2001இல், ஆக அதற்கு முந்தையது. ராடான் கம்பெனி பெயரோடு சித்தி நாடகம் இருக்கும் கேசட் 1999 கடைசியிலிருந்து 2001க்குள். இன்னொன்று வாங்கிய கேசட், பூமாலை. சன் டிவி 1993 ஏப்ரல் 14இல் வருவதற்கு முன்னால் கலாநிதி மாறன் நடத்திய வீடியோ பத்திரிகை அது, டி.வி.யில் வராது, கேசட்டாகத்தான் கைக்கு வரும். அது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று அம்மாவுக்கே ஞாபகம் இல்லை. யாரிடமோ இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்கவில்லை என்று சந்தேகம்.

ஆண்டு போகப் போக லோகோவின் குணம் மாறுவதையும் ஒரே நாளில் பன்னிரண்டு கேசட் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். எண்பதுகளின் முடிவில் வந்தவை பெரும்பாலும் அசையாத அட்டை, கையால் எழுதிய பெயர், கேமரா கொஞ்சம் நடுங்கும். தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்ததும் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது, எழுத்தெல்லாம் தங்கத்தில் உருண்டு, மூலையிலிருந்து ஒரு ஒளி கிளம்பி, பூமி சுற்றி, கடைசியில் ஒரு "டங்" சத்தம். இப்போது ஓ.டி.டி.யில் இரண்டு விநாடி, அதையும் தாண்டிப் போகச் சொல்லி ஒரு பட்டன். எனக்கு அந்தத் தங்கக் காலம்தான் பிடித்தமானது, அசிங்கம்தான், ஆனால் உழைத்த அசிங்கம்.

அதில் உச்சம் எது என்றால் டி.வி.யில் வந்தது எதுவும் இல்லை, என் சித்தி கல்யாண வீடியோ. எடுத்தவர் பண்ணைக்காட்டுப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தவர். வீடியோ மிக்சர் மிஷினில் என்னென்ன எஃபெக்ட் உண்டோ அத்தனையும் போட்டு, உலக உருண்டை சுற்றி, அதற்குப் பின்னாலிருந்து ஸ்டுடியோ பெயர் சூரியன் மாதிரி எழும்பி, ரோஜாப்பூவாக உடைந்து, பூவுக்குள்ளிருந்து மாப்பிள்ளை முகம் வரும், முழுசாக நாற்பது விநாடி! ஹாலிவுட்டின் உலக உருண்டையை எங்கேயோ கேசட்டில் பார்த்து மனசில் வைத்திருந்திருக்கிறார். முதல் பென்டிரைவில் பையன் இதையும் வெட்டியிருந்தான். இப்போது சித்தி குடும்பம் அந்த நாற்பது விநாடியைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

காசு விஷயம்: ஒரு கேசட்டுக்கு 400 ரூபாய், பூசணம் துடைக்க 150 கூடுதல். மதுரையில் இதைவிடக் குறைவாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், துடைப்பதில்லை. ரசீது கையால் எழுதித் தருகிறார். கோப்புகளுக்கு "1, 2, 3" என்றுதான் பெயர் வைக்கிறார், எது எந்தக் கேசட் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கேசட்டில் பத்து நிமிடம் சத்தம் வெறும் இரைச்சல், டேப்பே அப்படித்தான் என்றார், நான் நம்புகிறேன். பாக்கி அரை நட்சத்திரம் கோப்புப் பெயருக்காக.

போகிறவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது: வெட்டாதே, இழுக்காதே, பெரிதாக்காதே, ஏ.ஐ. போடாதே. முன்னும் பின்னும் கறுப்புத் திரையே வந்தாலும் டேப் முழுசும் ஓடட்டும் என்று அண்ணனிடம் நேரடியாகச் சொல்லுங்கள், பையனிடம் சொன்னால் தலையாட்டுவான். ஐப்பசி மழையில் போகாதீர்கள், ஈரம் குறைகிற வரை அவர் கேசட்டைப் பிரிக்க மாட்டார், கரண்டும் அடிக்கடி போய்விடும். சீசன் கூட்டத்தில் ஏழு ரோடு சந்திப்பைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும், அதனால் மே மாதமும் வேண்டாம்.

ஒரு கேசட் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, பதிமூன்றாவது. டேப் நடுவில் அறுந்திருக்கிறது, ஒட்ட வேண்டும். லேபிளில் தம்பி எழுதியது "அம்மா அழிக்காதே". தம்பியைப் போனில் கேட்டால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல மறுக்கிறான்.